துரித சோதனையும் கிருமி வளர்ப்பும்

காய்ச்சல் கண்ட ஒருவர் வைத்தியசாலை வாயிலை மிதித்த அரைமணி நேரத்துக்குள்ளே, அவருக்கு வந்த நோய் இன்னதென்று சொல்லிவிடும் சோதனைகள் இக்காலத்திற் பலவாகப் பெருகியுள்ளன. 2020ஆம் ஆண்டிற் கொரோனாப் பெருந்தொற்று வந்தபின், மூக்கிலே குச்சி விட்டெடுத்த நீரை ஒரு சிறு தகட்டில் இட்டு, தோன்றுவது ஒரு கோடா இரு கோடா என்று காத்திருந்த அனுபவம் நம்முள் அநேகருக்கு உண்டு. டெங்குச் சோதனை, மலேரியாச் சோதனை என்பனவும் இவ்வினத்தனவே. இவற்றால் விளைந்த நன்மை பெரிது. எனினும், இவை பெருகப் பெருக, வேறொரு வகைச் சோதனை உலகின் பல பாகங்களிலும் அருகி வருகின்றது. கிருமியை உயிருடன் பிடித்து வளர்த்துப் பார்க்கும் பழைய சோதனையே அது. அஃது அருகுவதனால் நட்டமடைவது பெரும்பாலும் கட்டிலிற் கிடக்கும் நோயாளியல்லர். அவரைச் சூழ்ந்துள்ள ஊராகும். அந்நட்டம் எத்தகையது என்பதை, மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் வாழும் நமக்கு அண்மையதான ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு விளக்க முயல்கின்றேன். நான் வைத்தியனல்லேன், தமிழாசிரியன். வைத்தியரும் ஆராய்ச்சியாளரும் எழுதியவற்றைப் படித்து, வகுப்பிலே மாணவர்க்குச் சொல்லும் முறையில் இங்கே சொல்லுகின்றேன். நம் பழைய மாணவருள் வைத்தியராய் விளங்குவோர் பலர்; அவர்கள் இதனை ஆசிரியன் வீட்டுப் பாடமாகத் திருத்திக் கொள்வாராக.

முதலில் அவ்வெடுத்துக்காட்டு. கடும் மழையும் காற்றும் கிழக்கிலங்கையைத் தாக்கிய ஒரு காலத்தின் பின்னர், பத்து நோயாளரின் குருதியில் ஒரே இனக் கிருமி வளர்ந்தது. நோயின் பெயர் மெலியோயிடோசிஸ். பத்துப்பேர் சில கிழமைகளுள் ஒரே நோயால் வீழ்ந்தால், சுகாதாரப் பகுதியினர் மனத்தில் எழும் முதல் வினா யாது? இவர்கள் யாவரும் ஓரிடத்திலிருந்து இதனைப் பெற்றனரா? ஒரு கிணறா, ஒரு குழாயா, ஒரு வயலா? அவ்வாறாயின் அதனை மூடிவிட்டால் நோய் நின்றுவிடும். அன்றாயின் செய்யவேண்டியது முற்றிலும் வேறு. இவ்வினாவுக்கு எந்தத் துரித சோதனையும் விடை கூறாது. பத்துப்பேருக்கும் அது "ஆம், ஆம்" என்று பத்து முறை சொல்லி ஓய்ந்திருக்கும். விடை கிடைத்ததோ, அக்கிருமிகள் உயிருடன் சோதனைச்சாலையில் இருந்தமையாலாம். அது எவ்வாறு கிடைத்தது என்பதைப் பின்னர்க் கூறுவேன்.

கிருமியை வளர்த்தல் என்றால் என்ன? பற்றீரியா ஒன்று கண்ணுக்குப் புலனாகாது. ஆனால் அதற்கு உணவும் இளஞ்சூடும் கொடுத்தால், அது இரண்டாகி, நான்காகி, ஓரிரவில் இலட்சோப இலட்சமாகிக் கடுகளவு பொட்டாகக் கண்ணுக்குத் தெரியும். அப்பொட்டு முழுவதும் ஒரு தாயின் சந்ததி. இதனைத் திடமான உணவின்மேற் செய்துகாட்டியவர் ஜேர்மன் நாட்டு வைத்தியர் றொபேட் கொக். முதலில் அவர் அவித்த உருளைக்கிழங்குத் துண்டைப் பயன்படுத்தினார். பின்னர் விலங்கெலும்பிலிருந்து பெறும் ஜெலற்றீனைப் பயன்படுத்தினார். ஜெலற்றீனோ உடற்சூட்டில் உருகி நீராய்விடும். இவ்விடரைத் தீர்த்தவர் ஒரு குடும்பப் பெண்மணி. கொக்கிடம் பணியாற்றிய வோல்ற்றர் ஹெசே என்பவரின் மனைவி பனி ஹெசே, தம் சமையலறையிற் பழக்கூழ் உறைய வைக்கப் பயன்படுத்திய அகர் என்னும் பொருளை 1881ஆம் ஆண்டளவிற் கணவருக்குக் காட்டினார். அதன் இயல்பை அவர் யாவாவில் வாழ்ந்து வந்தோரிடம் அறிந்திருந்தார். அகர் என்பது வேறொன்றுமன்று. நோன்பு துறக்கும் வேளையிற் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் வீடுதோறும் உறையவைத்து வெட்டிப் பரிமாறும் கடற்பாசியே அது. 1887இல் றிச்சாட் பெற்றி என்பவர் மூடியுள்ள தட்டை வகுத்தார். கடற்பாசியும் கண்ணாடித் தட்டும் சேர்ந்தன. கிருமியியல் என்னும் விஞ்ஞானம் பிறந்தது.

இங்கே சொல்லாசிரியன் என்ற முறையில் ஒரு வார்த்தை. ஆங்கிலத்தில் இவ்வளர்ப்பையும், ஒரு சமுதாயத்தின் பண்பாட்டையும், பயிர்ச்செய்கையையும் ஒரே வேரிற் பிறந்த சொற்களால் வழங்குவர். ஆதலின் புதிய சோதனைகளைப்பற்றி எழுதப்புகும் அவசர மொழிபெயர்ப்பாளன் ஒருவன், "பண்பாடற்ற சோதனைகள்" என்று எழுதிவிடவுங் கூடும். 1930களிற் சென்னையிலே கலைச்சொல்லாக்க முயற்சிக்குத் தலைமை தாங்கிய நம் விபுலாநந்த அடிகள் இதனைக் கேட்டால் நகைத்திருப்பார். "வளர்ப்புச் சாராச் சோதனை" என்பதே பொருத்தம். நிலத்தைப் பண்படுத்தி விதைப்பதும், தட்டிலே உணவிட்டுக் கிருமியை விதைப்பதும் ஒரு செயலின் இரு வடிவங்கள் என்பதை நம் வேளாண்மை செய்வோர்க்கு விளக்க வேண்டுவதில்லை.

வளர்ப்பின் குறையும் வேளாண்மையின் குறையேயாம். அது காலத்தை வேண்டி நிற்கும். குருதியை உணவுநீருள்ள போத்தலில் இட்டு, கிருமி தலைகாட்ட ஒருநாள் முதல் ஐந்துநாள் வரை காத்திருத்தல் வேண்டும். பின்னர் தட்டிற் பரப்பி, இன்னதென்று அடையாளங்காண மேலும் ஓரிரு நாள். கசநோய்க் கிருமியோ இரண்டு முதல் எட்டுக் கிழமை வரை எடுக்கும். அதற்கிடையில் நோயாளி பிழைத்தும் விடலாம், இறந்தும் விடலாம். இன்னுமொன்று: வைத்தியசாலைக்கு வருமுன்னரே மருந்துக்கடையில் நுண்ணுயிர்க்கொல்லி வாங்கி விழுங்கியவரின் குருதியிற் கிருமி வளரமாட்டாது. மெலியோயிடோசிஸ் நோயிலே, வளர்ப்புச் சோதனை உண்மையான நோயாளருள் நூற்றுக்கு அறுபது பேரையே கண்டுபிடிக்கின்றது என்று தாய்லாந்து ஆராய்ச்சியாளர் கணித்துள்ளனர். ஆகவே பழைய முறையைப் புகழும்போது அதன் ஓட்டைகளை மறைத்தல் நேர்மையாகாது.

துரித சோதனைகள் இவ்வோட்டைகளை அடைக்க வந்தவை. அவற்றுட் சில, கிருமியின் மேற்சட்டையிலுள்ள ஒரு பொருளைத் தகட்டிலே பிடித்து நிறக்கோடாகக் காட்டுகின்றன. சில, கிருமிக்கு எதிராக நம்முடல் ஆக்கிய பிறபொருளெதிரியைக் காட்டுகின்றன. சில, கிருமியின் பரம்பரையலகுத் துணுக்கு ஒன்றைப் பல கோடி மடங்கு பெருக்கி, அஃது உளதா இலதா என்று கூறுகின்றன. கிருமி செத்திருந்தாலும் இவற்றுக்குக் கவலையில்லை. 2010ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட ஜீன்எக்ஸ்பேட் என்னும் பொறி, கசநோய் உளதா என்பதையும், அதற்கு முதன்மையான மருந்துகளுள் ஒன்றாகிய றிபாம்பிசின் அதனை அடக்குமா என்பதையும் இரண்டு மணி நேரத்துள் ஒருங்கே சொல்லுகின்றது. மலேரியாவைப் பொறுத்தவரை, இந்நாட்டிற் பிறந்த தொற்று 2012ஆம் ஆண்டுக்குப் பின் இல்லையாகி, 2016ஆம் ஆண்டில் இலங்கை மலேரியா நீங்கிய நாடெனச் சான்று பெற்றது. வெளிநாட்டிலிருந்து நோயுடன் திரும்புவோரை உடன் கண்டுகொள்வதிற் குருதித் தடவலோடு துரித சோதனையும் துணைநிற்கின்றது. இவற்றை வேண்டாவென்று கூறுவோன் மூடன்.

அப்படியாயின் குறை எங்கே? வைத்தியர் கேட்கும் வினா ஒன்று. ஊரைக் காப்பவர் கேட்கும் வினா வேறொன்று. வைத்தியருக்கு வேண்டியது நோயின் பெயர். பெயர் தெரிந்தால் மருந்து கொடுத்துவிடலாம். ஊரைக் காப்பவருக்கோ பெயர் போதாது. அது எங்கிருந்து வந்தது, யார்யாரைத் தொடுத்துள்ளது, வழக்கமான மருந்துக்கு இன்னும் அடங்குகின்றதா, சென்ற ஆண்டு வந்த அதே வகையா என்பன அவர் வினாக்கள். வள்ளுவர் மருந்ததிகாரத்தில் நோயையும் அதன் முதலையும் வேறு பிரித்து நாடச் சொன்னதை நம் மாணவர் அறிவர். நம் நாட்டில் 1897ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்கீழ், குறித்த நோய்கள் ஐயுறப்பட்டவுடனே வைத்தியர் அறிவித்தல் வேண்டும். அறிவித்தல் சுகாதார வைத்திய அதிகாரிக்குச் செல்லும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீடுதேடி வந்து விசாரிப்பார். கிழமைதோறும் தொகை கொழும்புத் தொற்றுநோயியற் பிரிவுக்குப் போகும். இச்சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் நன்றாயிருந்தாலும், முடிவில் வந்து சேர்வது பெயரும் தொகையும் மட்டுமே. மேற்கூறிய மற்றை வினாக்களுக்கு உயிருள்ள கிருமி கையில் இருத்தல் வேண்டும். வரவு இடாப்பில் ஒரு மாணவனின் பெயருக்கு நேரே கோடிட்டிருப்பதும், அம்மாணவன் நம்முன் நிற்பதும் ஒன்றல்லவே.

இனி மெலியோயிடோசிஸ் கதைக்கு வருவோம். 1911ஆம் ஆண்டு இரங்கூன் வைத்தியசாலையில் அல்பிரெட் விற்மோர் என்பவரும் அவர் உதவியாளர் கிருஷ்ணசுவாமி என்பவரும் இதனை முதலிற் கண்டறிந்தனர். இலங்கையில் 1927ஆம் ஆண்டில் ஓர் ஐரோப்பியரிடம் இது காணப்பட்டது. அதன்பின் நெடுங்காலம் இந்நோய் இந்நாட்டில் அருமையானதென்றே எண்ணப்பட்டது. கிருமி ஈரமண்ணிலும் சேற்றிலும் வாழ்வது. வயலில் இறங்குவோரின் கால்வெடிப்பு வழியாகவும், கடும் மழைக்காலத்தில் மூச்சு வழியாகவும், குடிநீர் வழியாகவும் உடலிற் புகும். நீரிழிவு உள்ளோரை அது தேடிப் பிடிக்கும் என்றே சொல்லலாம். சிலருக்குச் சளிச்சுரம், சிலருக்கு ஈரலிலும் மண்ணீரலிலும் சீழ்க்கட்டி, சிலருக்குக் கசநோய் போன்ற இருமல். ஆதலின் தோற்றத்தைக் கொண்டு அறிதல் அரிது. வழக்கமாகக் கொடுக்கும் பல மருந்துகள் இதனிடம் பலியா. செப்ற்றசிடிம் அல்லது மெறோபெனம் என்னும் மருந்தை இரண்டு கிழமையளவு நாளத்தில் ஏற்றி, பின்னர் மூன்று மாதமாவது கோற்றிமொக்சசோல் மாத்திரை உண்ணல் வேண்டும்.

படுவான்கரையில் வட்டை வேலை செய்யும் நீரிழிவுக்காரர் எத்தனை பேர் என்று எண்ணிப்பார்த்தால், இந்நோய் நமக்கு அந்நியமன்று என்பது விளங்கும். அவ்வாறிருந்தும் அது ஏன் காணப்படவில்லை? வளர்த்தோர் சிலர்; வளர்த்தவிடத்தும் அதனைச் சூழலிலிருந்து தட்டில் விழுந்த அழுக்கென்றோ, வேறொரு கிருமியென்றோ கருதி ஒதுக்கியிருக்கலாம். 2006ஆம் ஆண்டு முதற் கொழும்பு மருத்துவ பீடத்து நுண்ணுயிரியலாளர் முயற்சியால் நாடெங்குமுள்ள சோதனைச்சாலைகள் இதனைத் தேடத் தொடங்கின. ஐயப்பட்ட கிருமியை ஜென்ரமைசின், கொலிஸ்ரின் ஆகிய இரண்டும் கொல்லவில்லையாயின், ஆனால் கோஅமொக்சிகிளாவ் கொல்லுமாயின், அது இதுவாயிருக்கலாம் என்பது எளிய விதி. தேடியதும் கிடைத்தது. 2017ஆம் ஆண்டு வரையில், வளர்ப்பினாலேனும் குருதியிற் கண்ட பிறபொருளெதிரியின் அளவினாலேனும், இருநூறுக்கு மேற்பட்ட நோயாளர் அறியப்பட்டனர். இல்லாத நோயொன்று புதிதாய் வந்ததன்று. கண் திறந்தது, அவ்வளவே.

தொடக்கத்திற் சொன்ன பத்து நோயாளர்க்கு வருவோம். அவர்களிடமிருந்து பெற்ற கிருமிகளை ஆராய்ச்சியாளர் வகைப்படுத்தினர். நால்வரின் கிருமிகள் 594 என்னும் ஒரே வகையெண்ணுக்குரியனவாயிருந்தன. இவ்வளவோடு நின்றிருந்தால், ஒரு பொது ஊற்று உண்டென்றே எவரும் ஐயுற்றிருப்பர். ஆனால் கிருமிகளின் முழுப் பரம்பரையலகுத் தொகுதியையும் எழுத்தெழுத்தாகப் படித்தபோது, அவை தம்முள் வேறுபட்டவை, ஒரு தாயின் பிள்ளைகளல்ல என்று தெரியவந்தது. இம்முடிபு 2021ஆம் ஆண்டில் அமெரிக்க நோய்த்தடுப்பு நிலையத்தின் ஆராய்ச்சி இதழொன்றில் வெளியாயிற்று. இதன் பொருள் யாது? மூடவேண்டிய ஒரு கிணறு இல்லை. மழையும் காற்றும் பரந்த நிலத்தின் பல இடங்களிலிருந்தும் கிருமியை எழுப்பி விட்டுள்ளன. ஆகவே ஒரு குழாயைத் தேடி அலைவதை விடுத்து, நீரிழிவுள்ளோர் யாவரும் மழைக்காலத்திற் சப்பாத்தணிதல், புண்ணை மூடிவைத்தல், நீரைக் கொதிக்கவைத்துக் குடித்தல் என்றவாறு ஊர் முழுவதற்கும் அறிவுரை கூறுதலே வழியாகின்றது. தகட்டிலே தோன்றும் கோடு இதனை ஒருபோதுஞ் சொல்லியிராது. மெலியோயிடோசிஸ் நோய்க்கும் துரிதத் தகடு ஆக்கப்பட்டுள்ளது. குருதியில் நேரே பார்க்கும்போது அது பலரைத் தவறவிடுகின்றது. வளர்ந்த கிருமியை உடனே அடையாளங்காண்பதிலோ அது சிறந்த உதவி. இரண்டும் பகைவரல்ல, துணைவர் என்பதற்கு இதுவே சான்று.

மருந்தெதிர்ப்பைப் பற்றியும் கூறவேண்டும். இது இன்னும் கடுமையானது. 2016ஆம் ஆண்டின் இறுதியிற் பாகிஸ்தானிலே சிந்து மாகாணத்து ஐதராபாத் நகரில், நெருப்புக்காய்ச்சற் கிருமி செப்றியாக்சோன் உட்பட ஐந்து வகை மருந்துகளுக்கு அடங்காமல் வளர்ந்தது. இதனை அறிவித்தது குருதி வளர்ப்பு. விடால் சோதனை என்று நாம் பெயரறிந்த சோதனை 1896ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது. துரித சோதனைகளின் பாட்டன் எனலாம். அது பழைய தொற்றையும் புதிய தொற்றெனக் காட்டும் இயல்பினது. எம்மருந்துக்கு அடங்கும் என்பதை அறவே சொல்லாது. அந்நகரில் விடால் ஒன்றே இருந்திருப்பின், பிள்ளைகள் ஏன் குணமடையவில்லை என்ற காரணம் நீண்டகாலம் மறைந்தே கிடந்திருக்கும். காரணம் தெரிந்தமையால், 2019ஆம் ஆண்டிற் பாகிஸ்தான் நெருப்புக்காய்ச்சலுக்குரிய புதிய இணைவுத் தடுப்பூசியை உலகில் முதன்முதலாகத் தன் வழக்கத் தடுப்பூசித் திட்டத்திற் சேர்த்தது. தொடங்கியதும் சிந்து மாகாணத்திலேயே.

செல்வ நாடாகிய ஐக்கிய அமெரிக்காவும் இவ்விடரிற் சிக்கியது. 1993ஆம் ஆண்டில் அங்கே வேகாத மாட்டிறைச்சியை உண்ட எழுநூறுக்கு மேற்பட்டோர் நோயுற்று, நான்கு சிறுவர் இறந்தனர். அதன்பின் 1996ஆம் ஆண்டிற் பல்ஸ்நெற் என்னும் வலையமைப்பை நிறுவி, எந்த மாநிலத்தில் வளர்க்கப்பட்ட கிருமியாயினும் அதன் கைரேகை போன்ற அடையாளத்தைப் பொதுவிடத்திற் பதிவுசெய்தனர். ஆயிரம் மைல் இடைவெளியில் நோயுற்ற இருவர் ஒரே தொழிற்சாலை உணவை உண்டவர் என்பது இவ்வாறு தெரியவந்தது. 2013ஆம் ஆண்டு முதல், மலத்தில் ஏறத்தாழ இருபது வகைக் கிருமிகளை ஒருமிக்கத் தேடும் துரித சோதனைகள் அங்கே வழக்கிற்கு வந்தன. வைத்தியர் மகிழ்ந்தனர், பல்ஸ்நெற்றுக்கு வரவேண்டிய கிருமிகளோ குறையத் தொடங்கின. எண்ணிக்கையிலும் குழப்பம் உண்டாயிற்று. முன்னர் எவரும் தேடாத கிருமிகள் இப்போது தேடப்பட்டமையால் நோய்கள் கூடியதுபோற் தோன்றின. வினாத்தாளின் அமைப்பு மாறிய ஆண்டிற் சித்தியடைந்தோர் தொகை கூடினால், மாணவர் திறமை கூடிற்றென்று எந்த அதிபராவது துணிந்து கூறுவாரா? அவர்கள் கண்ட பரிகாரம், துரித சோதனை "ஆம்" என்றவுடன் அதே மாதிரியை எடுத்து வளர்ப்புக்கும் இடுதல் என்பது. இதற்குப் பணம் யார் கொடுப்பது என்ற வழக்கு ஒருபுறமிருக்க, முறை சரியானதே. வளர்க்காமலே, மாதிரியிலிருந்து நேரே கிருமியின் முழுத்தொகுதியையும் படிக்கும் வழியையும் ஆராய்ந்து வருகின்றனர். அது கைகூடி, விலையும் மலியுமாயின், நான் மேலே எழுதியவற்றிற் பாதி பழங்கதையாகும். நல்லதே.

வைரசு நோயாகிய டெங்கும் இவ்வுண்மையின் ஒரு பக்கத்தைக் காட்டும். 2017ஆம் ஆண்டில் இலங்கையில் 186,101 பேர் டெங்கு நோயாளராக அறிவிக்கப்பட்டனர். முதல்நாட் காய்ச்சலிலேயே நோயைக் காட்டும் என்.எஸ்.1 என்னும் துரித சோதனை, டெங்கு என்று மட்டும் கூறும். நான்கு வகைகளுள் எவ்வகை என்று கூறாது. அவ்வாண்டில் இரண்டாம் வகை மேலோங்கியமையே பெருக்கத்துக்குக் காரணம் என்பதை, மாதிரிகளை வேறாக எடுத்து ஆராய்ந்த சோதனைச்சாலைகளே கண்டன. வகை மாறும் ஆண்டில் மக்களின் பழைய எதிர்ப்புச்சக்தி பயன்படாது. ஆகவே வகையை முன்கூட்டி அறிதல் பெரும் எச்சரிக்கை.

நம் பிரதேசத்திற் செய்யத்தக்கது யாது? பெரிய சோதனைச்சாலைகளை ஒவ்வோர் ஊரிலும் கட்டுதல் இயலாது, வேண்டியதுமில்லை. கிராம வைத்தியசாலையில் எடுத்த குருதிப் போத்தல் அன்றே பெரிய வைத்தியசாலைக்குச் செல்ல ஒரு வாகனமும், அங்கே பயின்ற கைகளும், வளர்ந்த கிருமியைக் குளிர்ப்பெட்டியிற் பேணிவைக்கும் ஒழுங்கும் இருந்தாற் போதும். இவற்றுக்கு ஒதுக்கும் பணம் வெளிப்படையாய்ப் பயன்தராததுபோற் தோன்றுமாதலால், சிக்கனம் பேசும் காலத்தில் முதலில் வெட்டப்படுவது இதுவாகவே இருக்கும். நகரசபையிலும் பிரதேச சபையிலும் அபிவிருத்திக் குழுக்களிலும் இருக்கும் நம் பழைய மாணவர் இதனை அறிந்திருத்தல் நன்று.

நோயாளர் பக்கத்திலும் இரண்டு செயல்கள் உள்ளன. பெரும்போகக் காலத்திற் காய்ச்சல் கண்டால், மருந்துக்கடை நுண்ணுயிர்க்கொல்லியை விழுங்குமுன் வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். முதலூசி ஏறுமுன் எடுக்கும் குருதியே வளரும். மற்றையது, தமக்கு நீரிழிவு உண்டென்பதையும் வயலில் இறங்கியதையும் கேளாமுன்னரே வைத்தியரிடம் சொல்லிவிடுதல். அச்செய்தி சோதனைக் கடுதாசியில் எழுதப்பட்டாற்றான், சோதனைச்சாலையில் இருப்பவர் மற்றைக் கிருமிகளை அடக்கி இதனை மட்டும் ஊதா நிறத்திற் சுருக்கம் விழுந்த பொட்டாய் வளரவிடும் அஷ்டவுன் என்னும் தனித்தட்டை எடுத்து, வழக்கத்தினும் சில நாட்கள் கூடுதலாகக் காத்திருப்பார்.